பதினோரு பழுதுப் பலகைகள்

அந்த நடமாடும் கண்காட்சியின் வாசலில் பெரிய எழுத்தில் ஒரு வரி இருந்தது: "தொடுங்கள், சுற்றுங்கள், இழுங்கள். பூமியை மேலேயிருந்து பாருங்கள்." தலைமையகத்தில் யாரோ ஆசைப்பட்டு எழுதிய வரி. அதை வாசித்துவிட்டுப் படியேறி உள்ளே போனால் பதினோரு காட்சிப்பொருள்கள் இருக்கும். பதினொன்றின் கழுத்திலும் பலகை தொங்கும். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: "பழுது. பொறுத்துக்கொள்ளவும்."

பழுது என்று எதுவும் கிடையாது. அத்தனையும் புத்தம் புதுசு. பொறுப்பாளர் அப்படிக் காப்பாற்றி வைத்திருந்தார்.

இருக்கைகளைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் மேசைகளைப் பொருத்திய நீளமான பேருந்து அது. ஊர் ஊராகப் போய்ப் பள்ளிக்கூட மைதானங்களில் நிற்கும். பூமியைச் சுற்றிக்கொண்டு பூமியையே படம் பிடிக்கிற செயற்கைக்கோள்கள் என்ன செய்கின்றன என்பதை ஜனங்கள் கையால் தொட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், அதுதான் ஏற்பாடு. முன்வாசல் வழியாக ஏறிய ஜனங்கள் பதினோரு பலகைகளையும் பொறுமையாக வாசித்தபடி பின்வாசல் வழியாக இறங்கிப் போனார்கள். இப்படி ஆறு வருஷம்.

பொறுப்பாளருக்கு வயது நாற்பத்தெட்டு. மடிப்புக் கலையாத சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து, கையில் எப்போதும் ஒரு மஞ்சள் துணி. கண்ணாடியில் யாராவது விரலை வைத்தால் அந்த விரலை எடுப்பதற்கு முன்பே துணி வந்துவிடும். நேரில் எல்லோரும் அவரை "சார்" என்பார்கள். முதுகைத் திருப்பினால் "மூடியார்". பேருந்தின் ஓட்டுநர் வைத்த பெயர். எதைப் பார்த்தாலும் மூடுகிற மனுஷனுக்கு இதைவிடப் பொருத்தமாகப் பெற்றவர்கள்கூட வைத்திருக்க முடியாது.

வீட்டிலும் அவர் அப்படித்தான். சோபாவின் பிளாஸ்டிக் உறையைக் கடையிலிருந்து வந்த நாள் முதல் பிரித்ததில்லை. வெயில் காலத்தில் உட்கார்ந்து எழுந்தால் தொடைத்தோல் பாதி அதிலேயே தங்கிவிடும். தொலைக்காட்சி ரிமோட் ஒரு பாலித்தீன் பைக்குள், பையின் வாய் ரப்பர் பேண்டுக்குள். கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த நீலக்கரை போட்ட ஆறு சாப்பாட்டுத் தட்டுகள், இருபத்திரண்டு வருஷமாக அலமாரி உச்சியில் அட்டைப்பெட்டிக்குள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவர் மனைவி அந்தப் பெட்டியைக் காட்டுவாள். "நல்ல நாள் வரட்டும்னு வச்சிருக்கார். எது நல்ல நாள்னுதான் இன்னும் முடிவாகல."

இந்தப் புத்தி அவருக்கு எங்கே வந்தது என்றால், ஒரு கல்லூரி ஆய்வகத்தில். வேலையில் சேர்ந்தது அங்கேதான். கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி அலமாரியில் அடுக்குகிற உத்தியோகம். சேர்ந்த ஆறே மாதத்தில் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தார்: மாணவர்களிடம் கொடுக்காத குடுவை உடைவதே இல்லை. வேறு சிலர் அந்த ஆய்வகத்தில் வேதியியல் கற்றுக்கொண்டார்கள். இவர் இதைக் கற்றுக்கொண்டார். போதும் என்று நினைத்துவிட்டார்.

அங்கிருந்து அறிவியல் அருங்காட்சியகம், அருங்காட்சியகத்திலிருந்து இந்தப் பேருந்தின் பொறுப்பு. முதல் ஊரிலேயே ஒரே நாளில் நானூறு பிள்ளைகள் ஏறி இறங்கினார்கள். முதல் மேசையில் இருந்தது சுற்றுப்பாதைச் சக்கரம். பிடியைப் பிடித்துச் சுற்றினால் ஒரு பூமி உருண்டை மெல்ல உருளும். அதன் மேல் ஒரு குட்டிச் செயற்கைக்கோள் கம்பியில் வடக்கும் தெற்குமாக வேகமாக ஓடும். அது போகிற வழியெல்லாம் உருண்டையில் ஒரு வெளிச்சக் கோடு விழும். அடுத்த சுற்றில் கோடு பக்கத்தில் விழும், அதற்கடுத்து அதற்கும் பக்கத்தில். நூல்கண்டில் நூல் ஏறுகிற மாதிரி, சுற்றச் சுற்ற ஒரு துண்டு நிலம் பாக்கியில்லாமல் பூமி முழுக்க வெளிச்சம் ஏறிவிடும். ஒரு சின்னக் கருவி பூமி முழுவதையும் எப்படிப் பார்த்து முடிக்கிறது என்பதைப் பத்துப் பக்கம் எழுதினாலும் இவ்வளவு லேசாகச் சொல்ல முடியாது. பிள்ளைகள் அடித்துப் பிடித்துக்கொண்டு சுற்றினார்கள். சாயங்காலம் பிடி கழன்று ஒருத்தியின் கையோடு வந்துவிட்டது.

ஒரு திருகாணியை முடுக்கினால் தீர்ந்திருக்கும். அவர் நான்கு பக்கம் அறிக்கை எழுதினார். தலைமையகம் பதிலுக்கு ஒரு மெமோ அனுப்பியது: "கவனக்குறைவு. இனி நிகழாமல் பார்த்துக்கொள்ளவும்." அந்த மெமோவையும் அவர் லேமினேட் செய்து வைத்திருக்கிறார்.

மறுநாளே பிடியை மாட்டிய கையோடு சக்கரத்தின் கழுத்தில் முதல் பலகை ஏறியது. அந்த வாரம் எதுவும் உடையவில்லை. அடுத்து நிறத்தகடுகளுக்கு ஒன்று. வயல்களின் படத்தின் மேல் அந்தத் தகடுகளை இழுத்தால், கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தில் பயிர் எப்படித் தெரியும் என்று காட்டும். செழித்த பயிர் ரத்தச் சிவப்பாக இருக்கும், நோய்ப்பட்டது வெளிறிக் கிடக்கும். பிறகு மணல்மேசைக்கு. கையால் மணலைக் குவித்தால் மேலேயிருந்து விழுகிற வெளிச்சம் அதை மலையாகவும் பள்ளமாகவும் நிறம் பிரிக்கும். அதில் அவர் பலகையோடு நிற்கவில்லை, கண்ணாடி மூடியே போட்டுப் பூட்டிவிட்டார். மணல் என்றாலே அவருக்கு உடம்பு கூசும். சூட்டை நிறமாகக் காட்டுகிற வெப்பக்கேமராவுக்கு லென்ஸ் மூடி. வருஷம் முடிவதற்குள் பதினொன்றும் முடிந்தது. சாவியெல்லாம் அவர் இடுப்பில்.

தலைமையகத்துக்கு மாதாமாதம் போகிற அறிக்கையில் மட்டும் ஒரே வரி: "அனைத்தும் நன்னிலையில் உள்ளன." தலைமையகம் அறிக்கையைத்தான் படிக்கும், பலகையைப் படிக்காது. ஜனங்கள் பலகையைத்தான் படிப்பார்கள், அறிக்கையைப் படிக்கமாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் மூடியார் சொகுசாக உட்கார்ந்திருந்தார். பழுதுப் பதிவேடு ஆறு வருஷமாக வெள்ளை வெளேர் என்று இருந்தது. அதற்காகச் 'சிறந்த பராமரிப்பு' விருது மூன்று முறை கிடைத்தது. கேடயங்கள் வீட்டில் பாலித்தீன் உறைக்குள் இருந்தன.

காட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால் பேசினார். ஒன்பது நிமிஷப் பேச்சு. "செயற்கைக்கோள்கள் மனிதகுலத்தின் விண்வெளிக் கண்களாகும்" என்று தொடங்கி "நன்றி, தள்ளி நில்லுங்கள்" என்று முடியும். வானத்தை அவர் ஒருநாளும் அண்ணாந்து பார்த்து யாரும் பார்த்ததில்லை. அவர் பார்வை எப்போதும் ஜனங்களின் கையில்தான் இருந்தது.

பேருந்தில் விளக்கம் சொல்வதற்கு ஒரு பெண்ணும் இருந்தாள். இயற்பியல் படித்தவள், அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். ஒப்பந்த வேலை, வருஷத்துக்கு ஒருமுறை மூடியார் கையெழுத்துப் போட்டால்தான் நீடிக்கும். சேர்ந்த மூன்றாம் நாளே அவரிடம் கேட்டாள்.

"சார், எல்லாத்துலயும் பழுதுன்னு போட்டிருக்கே. நாம இவங்களுக்கு என்னதான் காட்டறோம்?"

"ஒழுங்கு."

"ஒழுங்கா?"

"ஆமா. எவ்ளோ பளபளன்னு இருக்கு பாத்தியா? அத பாத்துட்டுப் போகட்டும். அதுவே இவங்களுக்கு அதிகம்."

ஓட்டுநர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "விடும்மா. நகைக்கடைல வெளிய நின்னு பாக்கறதில்லையா, அந்த மாதிரி" என்றார். மூடியாருக்கு அது பாராட்டாகப் பட்டது. தலையை ஆட்டிக்கொண்டார்.

ஜனங்களைப் பற்றி அவருக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. படிக்காதவன் உடைப்பான், படித்தவன் கழற்றிப் பார்ப்பான், பிள்ளைகள் இரண்டையும் செய்யும். ஒருநாள் ஒரு விவசாயி ஏறினார். வயலிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், கணுக்கால்வரை சேறு காய்ந்திருந்தது. மூடியார் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர் நேராக நிறத்தகட்டு மேசைக்குப் போனார்.

"ஐயா, என் நிலத்துல கிழக்கு மூலை மட்டும் பயிர் மஞ்சளடிச்சுப் போகுது. மேல இருந்து பாத்தா நோய் எங்க இருக்குன்னு தெரியும்னு இங்க எழுதியிருக்கே. இத எப்படிப் பாக்கறது, கொஞ்சம் காட்டுங்க."

"போர்டு தெரியல?"

"தெரியுது. எப்ப சரியாகும்?"

"மேலிடத்துக்கு எழுதியிருக்கோம்." ஆறு வருஷமாக வாயில் தயாராக இருக்கிற பொய். "கைய எடுங்க. சேறு ஒட்டிடும்."

விவசாயி கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "அங்க மேல இருந்து எங்க மண்ணத்தான படம் புடிக்கறீங்க? அது படத்துல இருந்தா விஞ்ஞானம், என் கையில இருந்தா அழுக்கா?"

மூடியார் மஞ்சள் துணியால் மேசையைத் துடைத்தார். அதுதான் அவர் பதில். அந்த மனிதர் இறங்கியதும் விளக்குகிற பெண் பின்னாலேயே ஓடி, பேருந்தின் நிழலில் அவரை நிறுத்தி, ஒரு தாளில் கட்டம் போட்டுக் கால்மணி நேரம் விளக்கினாள். திரும்பி வந்தபோது மூடியார் கடிகாரத்தைப் பார்த்தார். "உன் ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது, ஞாபகம் இருக்குல்ல?" என்றார். வீட்டில் அவளை நம்பி நான்கு பேர்.

சொந்த மனைவிக்கும் இதே மரியாதைதான். ஒருமுறை பேருந்து அவர்கள் ஊருக்குப் பக்கத்தில் நின்றபோது அவள் தானாகவே வந்து வரிசையில் நின்று ஏறினாள். சுற்றுப்பாதைச் சக்கரத்தின் முன்னால் நின்று அந்தப் பிடியைப் பார்த்தாள்.

"இத சுத்தினா என்ன ஆகும்?"

"பூமி சுத்தும்."

"ஒரு தடவ சுத்திப் பாக்கட்டுமா?"

"போர்டு போட்டிருக்குல்ல."

"பொண்டாட்டிக்குமா பழுது?"

"நடத்தையில பாரபட்சம் இருக்கக் கூடாது" என்றார் மூடியார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அவள் பின்வாசல் வழியாக இறங்கிப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். ஓட்டுநர்தான் ஓடிப்போய் ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார்.

இந்த லட்சணத்தில் ஒருநாள் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. இதே மாதிரிப் பேருந்து இன்னொன்றும் உண்டு, இரண்டாம் பிரிவு என்று பெயர், அதை ஓர் அம்மாள் நடத்தினார். இரண்டு பேருந்துகளில் ஒன்றின் காட்சிப்பொருள்களை வைத்து நகரத்தில் நிரந்தரக் கூடம் திறக்கப் போகிறார்களாம். எந்தப் பேருந்து தேர்வாகிறதோ அதன் பொறுப்பாளரே கூடத்துக்குத் தலைவர். புதிதாக வந்திருக்கும் இயக்குநர் தானே நேரில் வந்து பார்ப்பார். வருகிற பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணி.

மூடியார் அந்தக் கடிதத்தை மூன்று தரம் வாசித்தார். ஆறு வருஷமாக விடுதி மெத்தைகளில் புரண்டு முதுகெலும்பு தேய்ந்துவிட்டது. அவருக்கு ஒரு அறை வேண்டும். அறைக்குக் கதவு வேண்டும். கதவில் பெயர்ப்பலகை வேண்டும். வேறெந்த ஆசையும் அந்த மனிதருக்கு இல்லை. அன்றைக்கே மனைவிக்கு ஃபோன் போட்டார்.

"கிடைச்ச மாதிரிதான். இரண்டாம் பிரிவு அம்மா வண்டிய பாத்திருக்கேன். பிடிக்கெல்லாம் டேப் சுத்தி வச்சிருக்கா. மணல் தரையெல்லாம் கொட்டிக் கிடக்கு. குப்பை மேடு. நம்மளுது ஷோரூம்."

"அறை குடுப்பாங்களா?"

"கதவோட."

"கதவு குடுத்தா அதையும் மூடிதான வைப்பீங்க" என்றாள் அவள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மச்சானுக்கு ஃபோன் செய்யும் அவசரத்தில் இருந்தார்.

பதினோராம் தேதி பேருந்துக்குக் கல்யாண அலங்காரம். சன்னல், தரை, சக்கரம், எல்லாவற்றையும் தேய்த்தார்கள். அறிக்கையில் எல்லாம் நன்னிலை என்று எழுதியிருப்பதால், சாயங்காலம் அவரே தன் கையால் பலகைகளைக் கழற்றினார். கண்ணாடி மூடியைத் திறந்தார், லென்ஸ் மூடியை எடுத்தார். பலகைகளைக் கட்டி ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் தள்ளினார். ஆறு வருஷத்தில் முதல்முறையாகப் பதினொன்றும் வெறுங்கழுத்தோடு நின்றன.

விளக்குகிற பெண் சக்கரத்தின் பக்கத்தில் போனாள். "சார், ஒரே ஒரு தடவ சுத்திப் பாத்துடட்டுமா? நாளைக்கு ஏதாவது…"

"தொடாத."

ஓட்டுநரும் வந்து சேர்ந்தார். "சார், போன மழையில கூரை ஒழுகிச்சு, அப்பவே சொன்னேன். வெயில்லயும் வண்டி அடுப்பு மாதிரி காயுது. ஒரு தடவ ஓட்டிப் பாத்துடறது நல்லது. என் வண்டியவே ஒரு வாரம் நிறுத்தி வச்சா மறுவாரம் கிளம்ப மாட்டேங்குது."

"உன் வண்டி வேற, இது வேற. இது புதுசு. மேடம் வந்து அவங்க கையால முதல்ல சுத்தட்டும். இப்ப நீங்க கை வச்சு, ஏதாவது ஆச்சுன்னா?" என்றபடி மூடியார் மூன்றாவது முறையாகப் பிடியைத் துடைத்தார். துடைத்தாரே தவிர, ஒரு அங்குலம் திருப்பிப் பார்க்கவில்லை. திருப்பினால் அதுவும் உபயோகம்தானே. உபயோகித்தால் பழசாகிவிடாதா?

ஓட்டுநர் வெளியே வந்து அந்தப் பெண்ணிடம் சொன்னார்: "இவருக்கு ரெண்டு காலு இருக்கறதே தப்பு. தேஞ்சுடும்னு நடக்கமாட்டார்."

இயக்குநர் பத்து மணிக்கு வரவில்லை. எட்டு மணிக்கே வந்துவிட்டார். வாடகை ஆட்டோவில், தனியாக, சாதாரணச் செருப்பும் தோளில் ஒரு துணிப்பையுமாக. ஐம்பத்தைந்து வயது இருக்கும். மூடியார் அவரை ஆசிரியை என்று நினைத்து, "பத்து மணிக்கு மேலதான் பப்ளிக். கீழ நில்லுங்க" என்றார். அந்த அம்மாள் அடையாள அட்டையைக் காட்டினார். மூடியார் முகத்தில் ஒரே நிமிஷத்தில் பணிவு எங்கிருந்துதான் வந்து கொட்டியதோ, முதுகு பாதியாக வளைந்துவிட்டது.

"மேடம், மன்னிக்கணும் மேடம். எல்லாம் நன்னிலையில் இருக்கு மேடம். ஒரு விரல் ரேகை இருக்காது."

"பாக்கறேன்" என்றார் அவர். நேராகச் சக்கரத்தின் முன் நின்று பிடியைப் பிடித்துச் சுற்றினார்.

அது அசையவில்லை.

இன்னொரு கையையும் வைத்து அழுத்தினார். உள்ளே எங்கேயோ 'க்ரீக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. ஆறு வருஷ வெயிலில் உள்ளேயிருந்த கிரீஸ் மெழுகு மாதிரி இறுகிப்போயிருந்தது. பூமி உருண்டை அப்படியே நின்றது. செயற்கைக்கோள் கம்பியின் நடுவில் தூக்கில் போட்ட மாதிரி தொங்கியது.

"முதல் தடவ கொஞ்சம் டைட்டா இருக்கும் மேடம்" என்றார் மூடியார்.

"முதல் தடவயா?"

அம்மாள் நிறத்தகட்டு மேசைக்குப் போனார். தொழிற்சாலையில் ஒட்டி அனுப்பிய பாதுகாப்புத் தாளை மூடியார் உரிக்கவே இல்லை, அழகாக இருக்கிறதென்று அப்படியே விட்டிருந்தார். அது உருகித் தகட்டையும் படத்தையும் சேர்த்து ஒட்டியிருந்தது. இழுத்ததும் வயல்கள், ஆறு, பாதி ஊர், எல்லாம் தோல் மாதிரி உரிந்து தகட்டோடு வந்தன. மணல்மேசையில் கையை வைத்தார். ஒழுகின மழை இறங்கி, மூடிக்குள் வெந்து, மணல் சிமெண்டுத் தரை மாதிரி கெட்டிப்பட்டிருந்தது. அம்மாள் விரல் முட்டியால் அதைத் தட்டினார். டொக் டொக் என்றது.

கடைசியில் வெப்பக்கேமரா. அதை முடுக்கினார். விளக்கு எரிந்தது. மூடியாருக்கு உயிர் வந்தது. "பாருங்க மேடம், வேலை செய்யுது!"

அம்மாள் கேமராவின் முகத்தைப் பேருந்தின் உள்பக்கமாக மெதுவாகத் திருப்பினார். காலைக் குளிர்ச்சியில் மேசைகள் எல்லாம் திரையில் நீலமாகத் தெரிந்தன. நீலம், நீலம், நீலம். சக்கரத்துக்கு வந்ததும் நிறுத்தினார். பிடியில் மட்டும் அவர் கை பட்டுக் கசக்கிய இடம் மங்கலான மஞ்சளாக இன்னும் மறையாமல் இருந்தது. அதன் பக்கத்தில் மஞ்சள் துணியோடு மூடியார் நின்றுகொண்டிருந்தார். அவர் முகம் திரையில் ஆரஞ்சிலிருந்து சிவப்பாகி, வெள்ளையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"இந்தப் படத்துல சூடு இருக்கறது ரெண்டே இடத்துல" என்றார் அம்மாள். "இப்ப நான் பிடிச்ச பிடி ஒண்ணு. உங்க முகம் ஒண்ணு. மத்ததெல்லாம் பிணம் மாதிரி கிடக்கு. மூணு தடவ விருது வாங்கின வண்டி இது. இதுக்கு யார் பொறுப்பு?"

அப்போதாவது அந்த மனிதருக்கு வாயை மூடத் தெரிந்திருக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க எல்லாவற்றையும் மூடியவர் அன்றைக்குத்தான் தேவையில்லாமல் வாயைத் திறந்தார்.

"இந்தப் பொண்ணுதான் மேடம். சரியா பராமரிக்கல. நான் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன். ஒப்பந்தத்துல வர்றவங்களுக்குப் பொறுப்பே இல்ல மேடம்."

விளக்குகிற பெண் அவரை ஒரு பார்வை பார்த்தாள். முன்பக்கம் போனாள். ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலிருந்து பலகைக் கட்டை இழுத்துக்கொண்டு வந்து, சிமெண்டாகிப்போன மணலின் மேல் வைத்து முடிச்சை அவிழ்த்தாள்.

அம்மாள் ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். பதினொன்றையும் வாசித்தார். எல்லாவற்றிலும் ஒன்றேதான் எழுதியிருந்தது, இருந்தும் கடைசிப் பலகைவரை விடவில்லை.

"இதெல்லாம் எப்பலேருந்து தொங்குது?"

"ஆறு வருஷமா, மேடம்" என்றார் ஓட்டுநர் வாசற்படியிலிருந்து.

"ஆறு வருஷமா பதினொண்ணும் பழுதா? அறிக்கையில நன்னிலைன்னு எழுதியிருக்கீங்களே?"

"ஐயோ மேடம், அது சும்மா போர்டு" என்றார் மூடியார். "உண்மையில பழுது இல்ல. யாரும் தொடக் கூடாதுன்னுதான்…"

"உண்மையில பழுது இல்ல."

"இல்லவே இல்ல மேடம்."

"அப்ப இந்தச் சக்கரம்?"

மூடியார் சக்கரத்தைப் பார்த்தார். "அது… அது உண்மையான பழுது மேடம்."

வெளியே ஓட்டுநர் இருமுகிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டு சிரித்தார்.

அம்மாள் துணிப்பையிலிருந்து ஒரு பதிவேட்டை எடுத்தார். இரண்டாம் பிரிவின் பழுதுப் பதிவேடு. ஓரமெல்லாம் மடங்கி, கிரீஸ் கறை படிந்து, எழுத இடமில்லாமல் பின்னட்டையிலும் எழுதியிருந்தது. "அங்க இதே பிடி நாலு தடவ உடைஞ்சிருக்கு. நாலு தடவையும் அந்த அம்மாவே மாட்டியிருக்காங்க. மணல் வருஷத்துக்கு மூணு தடவ கொட்டியிருக்காங்க, ஏன்னா பிள்ளைங்க பாக்கெட்ல போட்டுக்கிட்டுப் போயிடறாங்களாம். இந்தச் சக்கரத்த அந்தக் காலத்துல வரைஞ்சதே நான்தான். பிடிய வேணும்னே லேசா கழட்டற மாதிரி வச்சேன். உடையணும், மாட்டணும், மறுபடி சுத்தணும். உங்க பதிவேடு எங்க?"

மூடியார் எடுத்துக் கொடுத்தார். அதற்கும் உறை போட்டிருந்தார். உள்ளே வெள்ளைத் தாள்கள். அம்மாள் இரண்டு பக்கம் புரட்டினார். "நல்ல பேப்பர்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணிடம் அவள் ஒப்பந்தம் என்றைக்கு முடிகிறது என்று விசாரித்தபடி கீழே இறங்கினார்.

ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. இரண்டாம் பிரிவின் பொருள்களை வைத்து நகரத்தில் கூடம், டேப் சுற்றிய பிடியோடுதான். அந்தப் பேருந்தை நடத்திய அம்மாளே தலைவர். விளக்குகிற பெண்ணும் ஓட்டுநரும் அவரோடு. முதல் பிரிவின் பேருந்து கலைக்கப்பட்டது. அதிலிருந்த திருகாணிகள், பல்புகள், கம்பிகள், கேமரா ஆகியவை யார் கையும் படாமல் புதிதாக இருப்பதால், கூடத்துக்கு உதிரிபாகங்களாகப் பயன்படும் என்று உத்தரவு சொன்னது. அவற்றை வைக்கக் கூடத்துக்குப் பின்னால் ஒரு கிடங்கு. கிடங்குக்கு ஒரு பொறுப்பாளர்.

வேறு எந்த மனிதனாக இருந்தாலும் நாணிக்கொண்டு நாலு நாள் சாப்பிடாமல் கிடந்திருப்பான். மூடியார் உத்தரவை லேமினேட் செய்தார். கிடங்கில் அவருக்கென்று ஓர் அறை இருந்தது. அறைக்குக் கதவு இருந்தது. கதவில் பெயர்ப்பலகையும் மாட்டினார்கள். மச்சானுக்கு ஃபோன் போட்டு, "பாத்தீங்களா, நான் காப்பாத்தி வச்சிருந்ததாலதான் அவங்க கூடமே ஓடுது. ஒரு திருகாணி வேணும்னாலும் என் கையெழுத்து வேணும்" என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் கேட்கவே சகிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் மனைவி அவரிடம் சொல்லாமல் அந்தக் கூடத்துக்குப் போனாள். கதவைத் திறந்ததுமே சத்தம். பிள்ளைகள் மணலில் முழங்கைவரை புதைந்திருந்தார்கள். விளக்குகிற பெண் அவளை அடையாளம் கண்டு கையைப் பிடித்துச் சக்கரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"சுத்துங்கக்கா."

அவள் சுற்றினாள். உருண்டை உருண்டது. முதல் கோடு விழுந்தது, பக்கத்தில் இரண்டாவது. கடல்மேல் ஒன்று, காட்டின்மேல் ஒன்று, அவள் பிறந்த ஊர் இருக்கும் திசையில் ஒன்று. பின்னால் நின்ற பிள்ளைகள் "ஆண்ட்டி, எங்களுக்கு விடுங்க" என்று முனகும்வரை சுற்றினாள். உருண்டை முழுக்க வெளிச்சம் ஏறிய பிறகுதான் கையை எடுத்தாள்.

வீட்டுக்கு வந்து சமைத்தாள். மத்தியானம் அவரைக் கூப்பிட்டுச் சாப்பாடு வைத்தாள்.

"கூடத்துக்குப் போயிட்டு வந்தேன்" என்றாள். "சக்கரத்த சுத்தினேன்."

மூடியார் நிமிர்ந்தார். "பிடி ஆடுதா?"

"ஆடுது."

"சொன்னேன்ல!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இன்னும் ஒரு மாசம். அப்புறம் என்கிட்டதான் வந்து நிக்கணும். நான் குடுப்பேனா?"

அவள் அவருக்கு இன்னொரு கரண்டி வைத்தாள். பிசைவதற்குக் கையை இறக்கியபோதுதான் அவர் தட்டைப் பார்த்தார். நீலக்கரை. அலமாரி உச்சியை நிமிர்ந்து பார்த்தார். அட்டைப்பெட்டி இல்லை.

"இத ஏன் எடுத்த? கீறல் விழுந்துடுமே."

"விழட்டும்" என்றாள் அவள். தனக்கும் ஒரு நீலக்கரைத் தட்டை எடுத்து எதிரில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள்.

அவரும் சாப்பிட்டார். விரல் நுனியால், தட்டின் நடுவை மட்டும் தொட்டு, ஓரத்தில் படாமல், தட்டே ஒரு கண்ணாடிக் குடுவை என்கிற மாதிரி.